பண்ணைத் தாம்போதியில் நிற்கும் என்று சொன்னேன்

எங்கள் அலுவலகம் ஒரு மலர் வெளியிடுகிறதாம். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டது. கால்நடை வைத்திய அலுவலகத்து ஜீப்பை இவ்வளவு காலம் ஓட்டியவர் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்றது. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. தொலைபேசியை வைக்கப் போகிற நேரத்தில் அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னது: "அங்கிள், செல்வம் அண்ணையைப் பற்றியும் போடுங்கோ. எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்."

எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? இருபது வருடம் அவனோடு ஒரே அலுவலகத்தில் சாரதியாக இருந்தவன் நான். என்னுடைய கட்டுரையிலும் அவனுக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. சரி, கொடுக்கிறேன். ஆனால் கட்டுரை என்னுடையது, ஆகவே என்னில் இருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் சிவஞானம், ஊர் புளியங்கூடல். அப்பா ஊர்காவற்றுறையில் இருந்து தீவுகளுக்குச் சாமான் ஏற்றும் மோட்டர் படகு ஓட்டினார். கடலில் எண்ணெய் முடிந்தால் இறங்கி நடக்க ஏலாது. ஆகவே படகுக்காரர்கள் எண்ணெயை மூன்று பங்காக வைப்பார்கள். போக ஒன்று, வர ஒன்று, காற்றுக்கு ஒன்று. மூன்றாவது பங்கில் கை வைத்தவனை அடுத்த நாள் ஒருவரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். எனக்குப் படகு ஒத்துவரவில்லை, வயிற்றைப் புரட்டும். உழவு இயந்திரம் ஓடி, பிறகு லொறி ஓடி, கடைசியில் வேலணைத் தீவில் இருந்த இந்த அரசாங்க அலுவலகத்தில் சாரதியாகச் சேர்ந்தேன். சேரும்போது அப்பாவின் மூன்று பங்கையும் கூடவே கொண்டு வந்தேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வகை, அப்போதே பழசு. தாங்கி முழுதாக நிரப்பினாலும் நாற்பது லீற்றர்தான் கொள்ளும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும், அதுவும் நல்ல தார் வீதியில், நல்ல காலுக்கு. எண்ணெய் காட்டும் முள் பொய் சொல்லும். பாதி வரை ஆடாமல் அசையாமல் நிற்கும், பாதியைத் தாண்டினால் விழுந்தடித்துக்கொண்டு இறங்கும். முன்சக்கரக் குடம் இரண்டிலும் கையால் திருப்பும் பூட்டு ஒன்று உண்டு. மணலுக்குப் போகும்போது அதைப் பூட்ட வேண்டும். தார் வீதிக்கு வந்தால் இறங்கித் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முன் அச்சையும் சேர்த்துச் சுழற்றி எண்ணெய் குடிக்கும். மழையென்றாலும் வெயிலென்றாலும் நான் இறங்கித் திறப்பேன். எப்போதாவது என் ஜீப்பை எடுத்தால் செல்வம் சில நேரம் மறந்துவிடுவான். மறந்த நாளிலும் அவனுடைய எண்ணெய்க் கணக்கு என்னுடையதைவிட மோசமாக வராது. அது ஏன் என்று நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

செல்வராசா என்பதுதான் அவனுடைய முழுப் பெயர். வேலணைக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அலுவலகத்தில் இருந்த மற்ற வாகனமான டபிள்காப்புக்குச் சாரதியாக வந்தான். வந்த கிழமையே தேநீர் போடுகிற அக்காவில் இருந்து வாசல் நாய் வரைக்கும் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது.

டொக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ மிருக வைத்தியர்கள் வந்து போனார்கள், ஆனால் டொக்டர் என்றால் அவர் ஒருவர்தான். வடமராட்சிப் பக்கத்து மனிதர். குரல் உயராது. எந்தப் பயணம் என்றாலும் ஏற முன்னம் வண்டியின் முன்னால் வந்து நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்தபடி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்பார்: "எங்க நிக்கும்?"

எண்ணெய் காணுமா, போதுமா என்று அவர் கேட்டதே இல்லை. காணுமா என்றால் எவனும் காணும் என்றுதான் சொல்வான் என்பது அவருடைய எண்ணம். உள்ள எண்ணெய்க்கு இந்த வண்டி எந்த இடத்தில் நிற்கும், ஊரின் பெயரைச் சொல் என்பார். இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் வீதி, சுமை, காற்று, ரயர் எல்லாவற்றையும் மனதில் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும். சொன்ன இடம் போகவேண்டிய தூரத்துக்கு அப்பால் இருந்தால் ஏறுவார். இப்பால் இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் எப்போதும் இடத்தைச் சொல்வேன். "அல்லைப்பிட்டி கழிய, சேர்" என்பேன். "ஓம், சரி" என்பார். செல்வத்தைக் கேட்டால் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு "நிக்காது சேர்" என்பான். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிடும். "டேய், உன்னோட கதைச்சு வேலையில்லை" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடுவார்.

என்னை நீர் என்பார், அவனை டேய் என்பார். வெளியாட்களுக்கு இது எனக்குக் கிடைத்த மரியாதை போலத் தெரியும். அந்த டேய்க்காக நான் ஏங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒருமுறை நெடுந்தீவில் மாடுகளுக்கு ஊசி போடப் போனோம். ஜீப்பைப் பெரிய படகில் ஏற்றிக் கொண்டு போனது அந்த ஒரு தடவைதான். அங்கே கல்லும் புல்லும்தான் பாதை. நாலு சக்கர இழுவையில் சின்னக் கியரில் ஊர்ந்தால் எண்ணெய் இரண்டு மடங்கு போகும். நான் கானில் தனியாக வைத்திருந்த காற்றுப் பங்கு இல்லாவிட்டால் கடைசி நாள் ஊசி போட்டிருக்க ஏலாது. இது டொக்டருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயணத்தின் படம் என்று இன்றைக்கும் அலுவலகச் சுவரில் தொங்குவது எது? மிரண்டு ஓடிய நாம்பன் ஒன்றைச் செல்வம் கொம்பில் பிடித்து நிறுத்திய படம். படத்தின் ஓரத்தில் ஜீப்பின் பின்பக்கம் கொஞ்சம் தெரியும். உள்ளே இருந்தவன் நான்.

இனி அந்த வவுனியாப் பயணத்துக்கு வருகிறேன். நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடம் அது. பெற்றோல் செட்டில் கானுக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது என்று கட்டளை. எங்கள் டபிள்காப் உடைந்து, உதிரிப்பாகம் இல்லாமல் கொட்டிலுக்குள் கிடந்தது. ஓடக்கூடியதாக இருந்தது என்னுடைய பழைய ஜீப் மாத்திரம். ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு சாரதி என்று மேலிடத்தில் இருந்து கேள்வி வந்தது. ஒருவரை முல்லைத்தீவுக்கு மாற்ற வேண்டும், பெயரை டொக்டரே தீர்மானித்து அனுப்ப வேண்டும்.

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. வீட்டில் என் மனைவி இராசமலர் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து கிடந்தாள். மகன் கனடாவில். பகலில் பக்கத்து வீட்டு யோகம் அக்கா பார்த்துக்கொள்வார். காலையும் மாலையும் தூக்கி இருத்துவது, குளிக்கவார்ப்பது, சீப்பால் தலை இழுத்துவிடுவது, சோறு தீத்துவது எல்லாம் நான்தான். முல்லைத்தீவுக்குப் போனால் அவளை யார் பார்ப்பது? வேலையை விடவும் ஏலாது, அவளை விடவும் ஏலாது.

வீட்டு நிலைமையைச் சொன்னால் டொக்டர் என்னை அனுப்ப மாட்டார் என்று தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை. மலருக்குச் சுகமில்லை என்று தெரியும், இவ்வளவு என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரங்கி என்னை வைத்திருக்கக் கூடாது. ஞானம் இல்லாமல் இந்த ஜீப் ஓடாது என்று நினைத்து வைத்திருக்க வேண்டும். செல்வத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, என்னைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுகூட நெஞ்சு சூடாகிறது.

அந்த நேரம் பார்த்துத் தீவில் மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாக வரும் வருத்தம் பரவியது. தடுப்பு மருந்து தெற்கில் இருந்து வந்த லொறி வவுனியாவோடு நின்றுவிட்டது, அதற்கும் எண்ணெய் இல்லை. நாங்கள் போய் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, அன்று மாலைக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், சூடானால் மருந்து வீண். டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஒராள் முல்லைத்தீவுக்குப் போகவேணும். ஆர் எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. முதல் இந்த மருந்து வரட்டும், பிறகு பாப்பம்."

தேர்வு என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது தேர்வாகத்தான் கேட்டது.

முதல் நாளே வேலையைத் தொடங்கினேன். ஜீப்பில் இருந்த சங்கிலி, கயிறு, மண்வெட்டி, பின் இருக்கை எல்லாம் கழற்றி இறக்கினேன். ரயருக்குக் காற்று இறுக அடித்தேன். முன்சக்கரப் பூட்டு இரண்டும் திறந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். கிடைத்த எண்ணெய் முழுவதையும் ஊற்றியும் தாங்கியில் முப்பது லீற்றருக்குச் சற்று மேல்தான். போய்வர முந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். அப்பாவின் கணக்குப்படி பார்த்தால் வண்டியை எடுக்கவே கூடாது, காற்றுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

காலையில் டொக்டர் வந்து கண்ணாடியைக் கழற்றினார். "எங்க நிக்கும்?"

செல்வம் முந்திக்கொண்டான். "நிக்காது சேர்."

"நீர் சொல்லும், ஞானம்."

"பண்ணைத் தாம்போதியில, சேர். மண்டைதீவுச் சந்திக்கு முன்னம்."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வவுனியா வரை போய்த் திரும்பிவந்து, யாழ்ப்பாணமும் தாண்டி, வீட்டு வாசலில் வந்து நிற்குமாம்! டொக்டர் சிரிக்கவில்லை. "ஏன்?" என்றார்.

சொன்னேன். இது சோளகக் காலம், தென்மேற்கில் இருந்து காற்று வீசும். போகும்போது காற்று வலப்பக்கம் முன்னால் அடிக்கும், கொஞ்சம் தின்னும். வரும்போது பின்னால் தள்ளும், தின்றதில் பாதியைத் திருப்பித் தரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுக்குத் திரும்பும், கடலை ஊடறுக்கும் வீதியான தாம்போதியில் சோளகம் நேர் முகத்தில் அடிக்கும். இரண்டு பக்கமும் கடல், மறிக்க ஒரு பனை வடலிகூட இல்லை. அந்த இடத்தில் இந்த ஜீப் லீற்றருக்கு எட்டுக்கூட ஓடாது. மற்ற ஊர்ச் சாரதிக்கு வீட்டுக்குக் கிட்டக் கிட்ட எண்ணெய் காணும். தீவுச் சாரதிக்கு வீட்டு வாசலில்தான் காற்று நிற்கிறது.

டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜீப்பைப் பார்த்தார். உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "வேற வழியில்லை," என்றார். "ரெண்டு பேரும் போங்கோ. போகேக்க ஞானம் ஓடும். வரேக்க செல்வம் ஓடட்டும்."

எனக்கு எதிர்க்காற்று, அவனுக்குப் பின்காற்று. அவர் யோசிக்காமல்தான் பிரித்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டு ஓடினோம். திறந்தால் காற்று உள்ளே புகுந்து பிடித்து இழுக்கும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஆண்கள் வேர்த்துக் குளித்தபடி. நான் ஐம்பதுக்கு மேல் ஓடவில்லை. கிளிநொச்சி வர முன்னமே செல்வம் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டான். இப்படி ஒரு நாளில், இப்படி ஒரு வெக்கைக்குள், ஒரு மனிதனுக்கு நித்திரை வருமா? எனக்கு அந்த நித்திரையில்கூடப் பொறாமை வந்தது.

மாங்குளத்துக்குக் கிட்ட யோகம் அக்கா தொலைபேசி எடுத்தார். ஓரமாக நிறுத்திப் பேசினேன். மலர் அழுகிறாளாம், உடம்பு நனைந்துபோயிற்றாம், தூக்க அவரால் ஏலாதாம். "அக்கா, நான் பின்னேரம் வந்திடுவன். அவவிட்ட சொல்லுங்கோ, நான் வந்து எல்லாம் செய்யிறன் எண்டு. போனை அவவின்ர காதில வையுங்கோ" என்றேன். மலரோடு இரண்டு வார்த்தை பேசினேன், அவளுக்குப் பதில் சொல்ல வராது, மூச்சுத்தான் கேட்கும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். செல்வத்தின் வாய் இன்னும் திறந்தபடிதான் இருந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வவுனியாவில் பெட்டியை ஏற்றினோம். அங்கிருந்த பெண் அதிகாரி யாருக்கும் சிரிக்காதவர். செல்வத்துக்குச் சிரித்தார், குடிக்கப் பிளேன்ரீயும் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது, அவனுடைய ஆள் என்ற முறையில்.

திரும்பும்போது அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓடினான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். வீதி சற்று இறங்குகிற இடம் கண்ணுக்குத் தெரிய முன்னமே கால் மேலே வந்துவிடும். தூரத்தில் மாடு குறுக்கே நின்றால் பிறேக்கைத் தொடாமல், வண்டி தானாகத் தளர்ந்து போய்ச் சேரும்போது மாடு விலகியிருக்கும். கியர் மாறுவது காதுக்குத் தெரியவில்லை. நான் கணக்குப் பார்த்துச் செய்வதை அவன் கணக்கில்லாமல் செய்தான், என்னைவிட நன்றாகவும் செய்தான். இந்த வசனத்தை எழுத எனக்கு இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

சாவகச்சேரியில் முள் அடியில் படுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தைக் கடந்து பண்ணைக்கு வந்தபோது இயந்திரம் ஒருமுறை விக்கியது. கடலைப் பார்த்தேன். சோளகம் தண்ணீரை வெள்ளை வெள்ளையாகக் கிளப்பிக்கொண்டிருந்தது. என் கணக்கு ஒரு மைல்கூடப் பிசகவில்லை. செல்வம் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினான். என்னைக் கேட்கப் போகிறான், என்ன செய்வது என்று கேட்கப் போகிறான் என்று நான் நிமிர்ந்து இருந்தேன்.

"அண்ணை, ஊர்காவற்றுறை பஸ் போயிட்டுதோ?"

"பஸ்ஸில பெட்டியைக் கொண்டு போகப் போறீரோ? நிக்க இடமில்லாமச் சனம் தொங்கிக்கொண்டு போகுது. பெட்டியை நசிச்சுப் போடுவினம்."

"அதில்லை. கொஞ்சம் இருங்கோ."

இருந்தோம். ஐஸ் உருகும் தண்ணீர் என் மடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மலர் நனைந்து கிடப்பாள் என்ற நினைப்பு வேறு. பஸ் வந்தது, ஒரு பக்கம் சரிந்து, பின்வாசலில் கொத்தாக ஆட்களோடு. அது எங்களைத் தாண்டியதும் செல்வம் ஜீப்பை உயிர்ப்பித்து, அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொண்டான் என்றால், எட்டி பஸ்ஸின் பின் விளக்கைத் தொடலாம்.

தாம்போதியில் ஏறியதும் எப்போதும் கேட்கும் அந்தக் காற்றின் இரைச்சல் இல்லை. ஜீப்புக்குள் திடீரென்று ஒரு அமைதி. முழுச் சோளகத்தையும் பஸ் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனது. நாங்கள் அதன் மறைவில், கால் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தோம். பின்வாசலில் தொங்கியவர்கள் முதலில் ஏசினார்கள். "டேய், எங்களை இடிக்கப் போறியோ?" செல்வம் கண்ணாடியை இறக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணைமாரே, எண்ணெயில்லை, மாட்டுக்கு மருந்து" என்று கத்தினான். அவ்வளவுதான். ஒருவர் நடத்துனருக்குச் சொல்ல, நடத்துனர் சாரதிக்குச் சொல்ல, பஸ் எங்களுக்காக வேகத்தை ஒரே அளவாகப் பிடித்தது. மண்டைதீவுச் சந்தியில் ஆட்களை இறக்க நின்றது. நாங்களும் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பின்னால் நின்றோம். அது எடுக்க, நாங்களும் எடுத்தோம்.

நான் சொன்ன இடம் எனக்குப் பக்கத்தால் போய்விட்டது. அந்த இடத்தில் ஜீப் நிற்க வேண்டும் என்று மடியில் மருந்தை வைத்துக்கொண்டு நினைத்தேனா என்று கேட்டால், ஓம், நினைத்தேன். காற்றுக்குப் பங்கு வைக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். காற்றை இன்னொருவர் தலையில் கட்டலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? வாழ்நாள் முழுக்க அந்தத் தாம்போதியால் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் போனவன் நானும்தானே.

வேலணையில் டொக்டர் வாசலில் நின்றார். பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டார். "குளிர் இருக்கு" என்றார். தேநீர் போடுகிற அக்கா கும்பிட்டார். எல்லோரும் செல்வத்தைச் சுற்றி நின்று பஸ் கதையைக் கேட்டார்கள். நான் மலரிடம் ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை ஜீப்பை உயிர்ப்பித்துப் பார்த்தேன். இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. தாங்கி வெறுமை. டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கோ சேர். பஸ் இல்லையெண்டால் நான் சொன்ன இடத்திலதான் நிண்டிருக்கும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஓம் ஞானம், நீர் சொன்னது சரி," என்றார். "ஆனா அவன் கொண்டுவந்திட்டான்."

எனக்கு விளங்கிவிட்டது. முல்லைத்தீவுக்கு நான்தான். யாரைப் பிடித்து மலரைப் பார்க்க விடுவது, வேலையை விட்டால் என்ன என்றெல்லாம் அன்று முழுக்க மனம் அலைந்தது. பின்னேரம் டொக்டர் அறைக்குள் கூப்பிட்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், அது வழக்கமில்லை.

"நீர் நில்லும். செல்வம் போறான்."

எனக்கு ஒரு நொடி தலைகால் தெரியவில்லை. கடைசியில் என்னைத் தெரிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சந்தோசங்களில் அந்த ஒரு நொடி பெரியது. அதை இன்னும் கொஞ்சம் அவர் நீட்டியிருக்கலாம்.

"வீட்டில நிலைமை இவ்வளவு எண்டு நீர் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? காலமை அவன் வந்து சொன்னவன். தன்ரை பேரைப் போடச் சொல்லித் தானே கேட்டவன். நான் உண்மையில உம்மடை பேரைத்தான் எழுதி வைச்சிருந்தனான்."

வெளியே வந்தபோது செல்வம் நாய்க்குப் பாண் போட்டுக்கொண்டு நின்றான். "உம்மை ஆர் கேட்டது?" என்றேன்.

"என்ன அண்ணை?"

"நித்திரை மாதிரி நடிச்சுக் கிடந்து, என்ரை வீட்டுக் கதையைக் கேட்டு... உம்மை ஆர் கேட்டது?"

அவன் மிச்சப் பாணையும் போட்டுவிட்டுக் கையைத் தட்டினான். "எனக்கு முல்லைத்தீவுக் கடல் நல்ல விருப்பம், அண்ணை. இஞ்சத்தைக் கடலில ஒரு மண்ணும் இல்லை." அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவள் அப்போது முதலாம் வகுப்பு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டான்.

ஆக, நான் நின்றேன். கணக்குச் சரி என்பதற்காக நிற்கவில்லை, ஓட்டம் நல்லது என்பதற்காகவும் இல்லை. ஒருவன் விட்டுக்கொடுத்ததால் நின்றேன். ஊர் முழுக்க அவனைப் புகழ்ந்தது. ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லோரும் என்னிடமே கேட்டார்கள்: "செல்வம் எப்பிடி இருக்கிறார்? தங்கமான பொடியன்." தங்கமான பொடியன்தான் என்று நானும் சொல்லிச் சொல்லி வாய் புளித்தது.

விடுமுறைக்கு வந்தால் மலரைப் பார்க்க வருவான். கருவாடு கொண்டுவருவான். முல்லைத்தீவில் தன்னைக் குரங்கு துரத்திய கதை சொல்லுவான். அவளுடைய முகம் ஒரு பக்கம்தான் அசையும், அந்த ஒரு பக்கத்தால் சிரிப்பாள். நான் நாள்தோறும் எத்தனை கதை சொன்னேன், எனக்கு அந்தச் சிரிப்பு வராது. அவன் போன பிறகு தலை இழுத்துவிடும்போது கொஞ்சம் இறுக்கமாகப் பின்னிவிடுவேன்.

என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் டொக்டர் பேசினார். ஞானத்தின் கணக்குப் பிழைக்காது என்று ஒரு வசனம். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கதையை நின்று நிதானமாகச் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாலை போட்டுக்கொண்டு இருந்தவன் நான்.

நான் ஓய்வுபெற்ற அதே வருடம் மலர் போய்விட்டாள். செல்வமும் அதற்குச் சற்று முன்னர்தான் வேலணைக்கே மாற்றலாகித் திரும்பியிருந்தான். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவன் அவன், கதிரை இறக்கியவன் அவன், மகன் கனடாவில் இருந்து வந்து சேரும்வரை வந்தவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொன்னவனும் அவன். எனக்கு அதிலும் எரிச்சல். என் மனைவிக்கு நான் அழவா, அவனைப் பார்த்து எரியவா?

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவனுடைய மனைவி சமைக்க வந்திருந்தா. குசினி வாசலில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, முற்றத்தில் செல்வம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவர்களுடைய சின்னவள் கொஞ்சம் தள்ளி, தாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். தகப்பன் "இஞ்ச வாம்மா" என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு வந்து, தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன, தேப்பனோட கோபமோ?" என்று கேட்டேன்.

"கோபமில்லை அண்ணை," என்றா அவனுடைய மனைவி, கறியைத் துழாவியபடி. "அவர் அங்க போகேக்க இவள் சின்னன். ஒவ்வொரு கிழமையும் வருவார் வருவார் எண்டு படலையில நிண்டு நிண்டு, பிறகு நிக்கிறதை விட்டிட்டாள். இப்ப வந்திட்டார்தான். ஆனா இவள் அவரிட்டப் போறாளில்லை. ராவில அவர் அதைச் சொல்லித்தான் கவலைப்படுவார். உங்களிட்டச் சொல்லியிருக்க மாட்டார்."

சொல்லவில்லைத்தான். குரங்கு துரத்திய கதைதான் சொன்னான்.

இருபது வருடம் அவனிடம் ஒரு குறை தேடினேன். அவனுடைய காலில் தேடினேன், கணக்கில் தேடினேன், சிரிப்பில் தேடினேன். அவனுக்கு இல்லாத ஒன்று எனக்கு இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். அன்றைக்குக் கண் முன்னால் கண்டேன். நான் மலருக்குத் தலை இழுத்துவிட்ட ஒவ்வொரு காலையும், அந்தப் பிள்ளை தகப்பன் இல்லாமல் தலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. முற்றத்தில் அவனுடைய கை இன்னும் நீட்டியபடி இருந்தது. அவன் அதை மெதுவாக மடக்கி, பேச்சைத் தொடர்ந்தான்.